வலியற்ற அறுவைக்கு யார் பெயரைப் பொறிப்பது?

லண்டன் கௌவர் தெருவில், பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே, ஒரு சுவரில் பதித்திருக்கும் நினைவுப் பலகை ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: இங்கிலாந்தில் முதன்முதலாக மயக்கமருந்து கொடுக்கப்பட்டது இவ்விடத்தில் இருந்த வீட்டில், 1846 டிசம்பர் 19 அன்று. கொடுத்தவர் யார், மயங்கியவர் யார், மருந்து எது என்பதெல்லாம் அதில் இல்லை. அந்த வீடு, அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய மருத்துவரும் தாவரவியலாளருமான பிரான்சிஸ் பூட்டுடையது, மருந்து ஈதர். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஒரு கடிதத்தின் வழியே அதைப் பற்றி அறிந்த பூட், பல் மருத்துவர் ஜேம்ஸ் ராபின்சனைக் கொண்டு ஓர் இளம்பெண்ணின் கடைவாய்ப் பல்லை வலியில்லாமல் பிடுங்கச் செய்தார். இரண்டு நாள் கழித்து, அருகிலேயே இருந்த யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் ராபர்ட் லிஸ்டன், வீட்டுப் பணியாளரான பிரெடரிக் சர்ச்சிலின் காலை ஈதர் மயக்கத்தில் தொடையோடு வெட்டி அகற்றினார்.

இவ்வளவு நடந்திருக்க, பலகை இடத்தையும் நாளையும் மட்டும் சொல்லி நின்றுவிடுவது குறையாகத் தோன்றலாம். ஆனால் மயக்கமருந்துகளின் பெயரால் வெவ்வேறு ஊர்களில் வைக்கப்பட்டிருக்கும் பலகைகளையும் சிலைகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்தால், அந்தச் சிக்கனமே நேர்மை என்று படுகிறது. ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரிலும் அதே நாளில் ஈதர் பயன்படுத்தப்பட்டதாக ஒரு கோரிக்கை பின்னாளில் எழுந்தது. கௌவர் தெருப் பலகை இங்கிலாந்து என்று தன் எல்லையை வகுத்துக்கொண்டதால் அந்தக் கோரிக்கையோடு அது மோதவில்லை. இத்தகைய கவனம் மற்ற பல நினைவுச் சின்னங்களில் இல்லை.

நினைவுப் பலகை என்பது தன் இயல்பிலேயே ஓர் இடம், ஒரு நாள், ஒரு பெயர் ஆகிய மூன்றையும் கேட்கிறது. லண்டனில் 1860களில் தொடங்கிய பலகைத் திட்டமே, புகழ்பெற்ற மனிதர் வாழ்ந்த வீட்டை அடையாளம் காட்டுவதற்காகப் பிறந்தது. ஒரு கவிஞருக்கோ அமைச்சருக்கோ இந்த வடிவம் பொருந்திவிடும். ஒரு மருந்து உருவாகும் வேலை அப்படி ஒரு வீட்டுக்குள் அடங்குவதில்லை. பொருளைக் கண்டுபிடித்தவர் ஒருவர், அது மயக்கும் என்று உணர்ந்தவர் மற்றொருவர், நோயாளிக்குக் கொடுக்கத் துணிந்தவர் இன்னொருவர், பிறர் நம்பும்படி நிறுவிக் காட்டியவர் வேறொருவர், எவ்வளவு கொடுத்தால் உயிருக்குக் கேடில்லை என்று அளந்து சொன்னவர் மேலும் ஒருவர். இவர்களுள் எவரைப் பலகையில் ஏற்றுவது என்பதில் அமெரிக்காவின் மூன்று ஊர்கள் மூன்று விடைகளைக் கல்லிலும் வெண்கலத்திலும் எழுதிவைத்திருக்கின்றன.

முதல் ஊர் ஜார்ஜியா மாநிலத்தின் ஜெஃபர்சன். அங்கே கிராஃபோர்டு லாங் என்ற இளம் மருத்துவர், 1842 மார்ச் 30 அன்று ஜேம்ஸ் வெனபிள் என்பவருக்கு ஈதரை முகரக் கொடுத்து, அவருடைய கழுத்தில் இருந்த கட்டியை அகற்றினார். ஈதருக்கும் கட்டியை எடுத்ததற்கும் சேர்த்து 2 டாலர் என்று கணக்கில் எழுதினார். விருந்துகளில் இளைஞர்கள் ஈதரை முகர்ந்து களித்தபோது, அவர்கள் விழுந்து அடிபட்டும் வலியை உணராமல் இருந்ததை அவர் கவனித்திருந்தார். தொடர்ந்து மேலும் சிலருக்கு ஈதர் கொடுத்து அறுவை செய்தார். ஆனால் 1849 டிசம்பர் வரை எதையும் அச்சில் வெளியிடவில்லை. இன்று அவருடைய ஊரில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலம் 1926இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அளித்த அவருடைய பளிங்குச் சிலையின் பீடத்தில், அறுவையில் ஈதரின் பயனைக் கண்டுபிடித்தவர் என்ற பட்டம், நாளோடும் ஊரோடும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் மார்ச் 30 மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுவதும் அந்த அறுவையின் நினைவாகத்தான்.

இரண்டாவது ஊர் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு. அங்கே 1844 டிசம்பர் 10 அன்று நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைக் காட்டிப் பொழுதுபோக்கு நிகழ்ச்சி நடத்தினார் கோல்ட்டன் என்பவர். பார்வையாளராக வந்திருந்த பல் மருத்துவர் ஹொரஸ் வெல்ஸ், வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் அறியாமல் இருந்ததைக் கண்டார். மறுநாளே தம் வாயிலிருந்த பல் ஒன்றை அந்த வாயுவின் மயக்கத்தில் பிடுங்கச் சொல்லி, தம் உடலிலேயே சோதித்துக்கொண்டார். 1845 ஜனவரியில் பாஸ்டனில் மாணவர்கள் முன்னிலையில் செய்துகாட்டியபோது, நோயாளி வலியில் கத்திவிட்டார். வெல்ஸ் ஏளனத்துக்கு ஆளானார். இன்னொரு மயக்கமருந்தான குளோரோஃபார்மின் பழக்கத்தால் நிலைகுலைந்து, 1848 ஜனவரியில் நியூயார்க் சிறையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டபோது அவருக்கு வயது 33. ஹார்ட்ஃபோர்டு மக்கள் 1875இல் புஷ்னெல் பூங்காவில் அவருக்குச் சிலை வைத்தார்கள்; மயக்க முறையைக் கண்டுபிடித்தவர் என்று அதுவும் சொல்கிறது.

மூன்றாவது ஊர் பாஸ்டன். வெல்ஸின் முன்னாள் கூட்டாளியான பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன், 1846 அக்டோபர் 16 அன்று மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கில்பர்ட் அபட் என்ற இளைஞருக்கு ஈதர் கொடுக்க, மூத்த அறுவை மருத்துவர் ஜான் காலின்ஸ் வாரன் அவருடைய கழுத்துக் கட்டியை அறுத்தார். அபட் கத்தவில்லை. அந்த அறுவை அரங்கம் ஈதர் குவிமாடம் என்ற பெயரோடு இன்றும் காக்கப்படுகிறது. 1965இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மௌண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் மார்ட்டனின் சமாதிக் கல், அவருக்கு முன் எல்லாக் காலத்திலும் அறுவை என்பது வேதனையாகவே இருந்தது என்று அறிவிக்கிறது. நான்கே ஆண்டுகளுக்கு முன் வெனபிளுக்கு அது வேதனையாக இருக்கவில்லை என்பதை அந்தக் கல் கணக்கில் கொள்ளவில்லை.

மார்ட்டன் தம் மருந்துக்கு நிறமும் மணமும் சேர்த்து, அதற்குப் புதுப்பெயர் சூட்டி, உள்ளிருப்பது சாதாரண ஈதர் என்பதை மறைத்துக் காப்புரிமையும் பெற்றார் என்பது கசப்பான பகுதி. மார்ட்டனுக்கு ஈதரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர் தாமே என்று வேதியியலாளர் சார்ல்ஸ் ஜாக்சன் உரிமை கோரினார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் 1,00,000 டாலர் பரிசு பற்றி ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. இறுதிவரை எவருக்கும் அது வழங்கப்படவில்லை. இந்தச் சண்டையில் கவனிக்கத் தவறிப்போகும் ஒரு நிகழ்வு உண்டு. உள்ளடக்கம் தெரியாத மருந்தை நோயாளிகளுக்குத் தொடர்ந்து கொடுக்க மாட்டோம் என்று பாஸ்டன் மருத்துவர்கள் நவம்பர் தொடக்கத்தில் உறுதியாக நின்றார்கள். மார்ட்டன் அது ஈதர் என்று ஒப்புக்கொண்ட பிறகே, நவம்பர் 7 அன்று பெரிய அறுவைக்கு, ஒரு கால் துண்டிப்புக்கு, அது பயன்படுத்தப்பட்டது. நவம்பர் 18 அன்று ஹென்றி ஜேக்கப் பிகிலோவின் கட்டுரை மருத்துவ இதழில் வெளிவந்தது. அடுத்த மாதமே செய்தி லண்டனை எட்டியது. ஈதர் உலகத்தின் உடைமையானது அக்டோபர் 16 அன்று என்பதைவிட, இரகசியம் உடைந்த அந்த நவம்பர் வாரத்தில் என்று சொல்வதே பொருத்தம். அந்த வாரத்துக்குப் பலகை வைக்க வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை உண்டு.

பாஸ்டன் பொதுப் பூங்காவில் 1868இல் எழுப்பப்பட்ட ஈதர் நினைவுத் தூண், சுமார் 40 அடி உயரம் கொண்டது. அதன் உச்சியில் மார்ட்டனும் இல்லை, ஜாக்சனும் இல்லை; துவண்டு கிடக்கும் மனிதனைத் தாங்கிப்பிடிக்கும் நல்ல சமாரியன் இருக்கிறான். ஈதரை முகர்ந்தால் வலி உணர்வு நீங்கும் என்பது 1846 அக்டோபரில் பாஸ்டன் மருத்துவமனையில் உலகுக்கு முதலில் நிறுவப்பட்டது என்பதே அதில் உள்ள வாசகத்தின் பொருள். உரிமைச் சண்டைக்குப் பயந்துதான் பெயரைத் தவிர்த்தார்கள் என்பது வெளிப்படை. ஆயினும் அந்தத் தயக்கத்திலிருந்து, லாங்கின் சிலையையும் ஹார்ட்ஃபோர்டு சிலையையும்விடத் துல்லியமான வாக்கியம் பிறந்துவிட்டது. பாஸ்டன் தந்தது முதல் பயன்பாடு அன்று, பலர் கண்முன் கிடைத்த நிரூபணம். தூண் அதை மட்டுமே கோருகிறது.

நிரூபணமும் வெளியீடும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானில் சான்று இருக்கிறது. ஹனோகா செய்ஷு என்ற மருத்துவர் 1804 அக்டோபர் 13 அன்று, மார்பகப் புற்றுநோய் கண்ட 60 வயதுப் பெண்ணுக்கு, ஊமத்தையும் வசநாபி இனத்து மூலிகையும் சேர்ந்த கஷாயம் கொடுத்து மயக்கத்தில் ஆழ்த்திக் கட்டியை அகற்றினார். பாஸ்டனுக்கு 42 ஆண்டுகள் முந்தையது இது. ஆனால் நாடு வெளியுலகுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்தது. மருந்தின் கலவையும் அவருடைய மாணவர் வட்டத்துக்குள் காக்கப்பட்டது. ஆகவே அதன் பயன் வேறெங்கும் பரவவில்லை. ஜப்பானிய மயக்கவியல் மருத்துவர் சங்கத்தின் சின்னத்தில் இன்று ஊமத்தம்பூ இடம்பெற்றிருக்கிறது. நம் வேலியோரத்தில் விஷச்செடி என்று பிள்ளைகளை விலக்கிவைக்கும் அதே இனத்துப் பூ, அங்கே ஒரு மருத்துவத் துறையின் அடையாளமாக நிற்பது நெகிழ்ச்சியான மரியாதை.

தோற்றுப்போனவருக்கு வைத்த பலகையும் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் வாழ்ந்த ஹென்றி ஹில் ஹிக்மன், 1824இல் விலங்குகளைக் கரியமில வாயுவால் உணர்விழக்கச் செய்து அறுவை செய்து பார்த்து, மனிதருக்கும் இவ்வழியில் வலியைப் போக்கலாம் என்று எழுதினார். இங்கிலாந்தில் எவரும் செவிசாய்க்காததால் 1828இல் பிரான்ஸ் மன்னருக்கு விண்ணப்பித்தார். அங்கே நெப்போலியனின் படை மருத்துவராக இருந்த லாரே ஒருவர்தான் அவரை ஆதரித்ததாகச் சொல்லப்படுகிறது. 1830இல், முப்பது வயதில் ஹிக்மன் இறந்தார். அவர் தேர்ந்த வாயு மனிதருக்கு உகந்ததும் அன்று. நூறு ஆண்டு கழித்து, அரச மருத்துவக் கழகத்தின் மயக்கவியல் பிரிவு அவர் அடக்கமான புரோம்ஃபீல்டு தேவாலயத்தில் நினைவுக் கல் பதித்தது. உள்ளே புகும் மூச்சின் வழியாகவே வலியை அணைக்கலாம் என்ற எண்ணத்துக்கு மட்டுமே அந்தக் கல் நன்றி சொல்கிறது. வெற்றியாளருக்கான கற்கள் நிறைந்த இந்த வரலாற்றில், ஒரு துறை தன் முன்னோடியைத் தேடிப்போய் வணங்கிய செயல் என்று இதை மதிக்கிறேன்.

குளோரோஃபார்மின் கதையில் இரண்டு பலகைகளே ஒன்றுக்கொன்று மறுமொழி சொல்லிக்கொண்டிருக்கின்றன. எடின்பரோவில் குயீன் தெரு 52ஆம் எண் வீட்டில், 1847 நவம்பர் 4 மாலை, மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சனும் அவருடைய உதவியாளர்கள் இருவரும் குளோரோஃபார்மை முகர்ந்து மயங்கி விழுந்தார்கள். அந்த வீட்டுச் சுவரில் உள்ள பலகை, சிம்ப்சன் இங்கு வாழ்ந்ததையும், 1847இல் குளோரோஃபார்மின் மயக்கும் ஆற்றலைக் கண்டுபிடித்ததையும் சொல்கிறது. அவர் பிறந்த பாத்கேட்டுக்கு அருகில் உள்ள லின்லித்கோவில் இன்னொரு பலகை இருக்கிறது. குளோரோஃபார்மை முதலில் பரிந்துரைத்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரச் செய்தவர் டேவிட் வால்டி என்கிறது அது.

இரண்டிலும் உண்மை உண்டு. லின்லித்கோவைச் சேர்ந்த வால்டி, அப்போது லிவர்பூலில் வேதியியலாளராக இருந்தார். சிம்ப்சன் ஈதருக்கு மாற்று தேடிக்கொண்டிருந்தபோது தூய குளோரோஃபார்மை முயன்று பார்க்கச் சொன்னவர் அவரே. தாமே தயாரித்து அனுப்புவதாகவும் சொன்னார். அவருடைய ஆய்வுக்கூடம் தீக்கிரையானதால் சிம்ப்சன் எடின்பரோ மருந்தாளர்களிடம் வாங்கிக்கொண்டார். சிம்ப்சனின் வெளியீட்டில் வால்டிக்குக் கிடைத்தது ஓர் அடிக்குறிப்பு. வால்டி பின்னர் கல்கத்தாவுக்கு வந்து, அங்கே வேதிப்பொருள் தொழிற்சாலை நிறுவி, இந்தியாவிலேயே காலம் கழித்தார். இவர்கள் இருவருக்கும் முன்பே 1842இல், நியூகாசிலைச் சேர்ந்த ராபர்ட் குளோவர் விலங்குகளில் குளோரோஃபார்மின் விளைவை ஆராய்ந்து எழுதியிருந்தார். எனவே குயீன் தெருப் பலகை சிம்ப்சனின் துணிவையும் செயல்வேகத்தையும் போற்றியிருந்தால் எவரும் மறுக்க முடியாது. கண்டுபிடிப்பு என்று எழுதியதால்தான் லின்லித்கோ மறுமொழி எழுத வேண்டியதாயிற்று.

அந்த மாலைக்குப் பின் மூன்று மாதம் நிறைவதற்குள், 1848 ஜனவரி 28 அன்று, நியூகாசிலுக்கு அருகே ஹானா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட சில நிமிடங்களில் இறந்துபோனாள். சிம்ப்சனின் சாப்பாட்டு மேசையில் பிறந்த உற்சாகம் சொல்லாமல் விட்ட பகுதி இதுதான். மயக்குவது எளிது, மயங்கியவரை மீட்டுத் தரும் அளவில் நிறுத்துவதே அரிது.

அந்த அரிய வேலையைச் செய்தவர் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ. காற்றில் எவ்வளவு ஈதர் ஆவி கலக்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது என்பதை 1847 ஜனவரியிலேயே அட்டவணையாகத் தந்தார். குளிர்ந்த அறையில் போதாமல்போகும் அதே முறை வெப்பமான அறையில் மிகுந்துபோகக் கூடும் என்பது இதன் பொருள். ஆகவே நீர்த்தொட்டிக்குள் அமைந்த முகர்கருவியை உருவாக்கி வெப்பத்தை நிலைப்படுத்தினார். மயக்கத்தின் படிநிலைகளை வகுத்தார். ஆயிரக்கணக்கானோருக்குக் குளோரோஃபார்ம் கொடுத்துக் குறிப்பெழுதிவைத்தார். விக்டோரியா அரசியின் இரண்டு பிரசவங்களில், 1853இலும் 1857இலும், குளோரோஃபார்ம் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் லண்டனில் மக்கள் தேடிச்சென்று பார்க்கும் ஸ்நோவின் நினைவுச் சின்னம், காலராவைப் பரப்பிய பிராட் தெருக் குடிநீர்க் குழாயின் மாதிரி. காலரா அந்தக் குழாய் நீரால் பரவியதை அவர் கண்டறிந்தது பெரும் பணி என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் தொழில்முறையில் மயக்கமருந்து கொடுத்துப் பிழைத்தவர் என்பதும், இன்றைய மயக்கவியலின் அடித்தளம் அவருடைய அளவைகள் என்பதும் அந்தத் தெருவில் நிற்பவர்களில் பலருக்குத் தெரியாது. அளந்து பார்த்த வேலைக்கு ஒரு நாடகத் தருணம் இல்லை. தருணம் இல்லாததால் பலகைக்கு அது அகப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் வந்த ஹாலோத்தேன் என்ற மயக்கமருந்து இந்தச் சிக்கலை இன்னும் தெளிவாக்குகிறது. ஈதர் தீப்பற்றும், மின்கருவியால் இரத்தக்குழாய்களைச் சுட்டு அடைக்கும் முறை அறுவை அரங்குக்குள் வந்த பிறகு அது பேராபத்தாயிற்று. மற்றொரு மயக்கமருந்தான சைக்ளோபுரொப்பேன் வெடிக்கும். குளோரோஃபார்ம் இதயத்தையும் கல்லீரலையும் தாக்கும். தீப்பிடிக்காத, நிலைப்புத்தன்மையுள்ள, எளிதில் ஆவியாகும் மயக்கமருந்தைத் திட்டமிட்டே வடிவமைக்க வேண்டும் என்று பிரிட்டனின் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனம் முடிவு செய்தது. குளிர்சாதனப் பொருள்களாலும் போர்க்கால யுரேனியப் பணிகளாலும் அந்நிறுவனத்துக்கு ஃபுளோரின் வேதியியல் கைவந்திருந்தது. மெர்சி ஆற்றங்கரையில் உள்ள விட்னெஸ் ஆய்வுக்கூடத்தில் சார்ல்ஸ் சக்ளிங் 1951இல் ஹாலோத்தேனை வேதிமுறையில் தொகுத்து உருவாக்கினார். கார்பனோடு ஃபுளோரின் கொள்ளும் பிணைப்பு வலிமையானது என்பதால் அந்த மூலக்கூறு எளிதில் சிதையாது, எரியாது என்பது அவர் முன்கூட்டியே போட்ட கணக்கு. பார்சிலோனாவிலிருந்து வந்த மருந்தியலாளர் ராவெண்டோஸ் விலங்குகளில் ஆண்டுக்கணக்கில் சோதித்தார். 1956 ஜனவரியில் மான்செஸ்டர் ராயல் இன்ஃபர்மரியில் மைக்கேல் ஜான்ஸ்டன் அதை முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்தார்.

தற்செயலாகவோ விருந்துக் களியாட்டத்திலோ கிடைக்காமல், இன்னின்ன பண்புகள் வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டு தேடிப்பிடித்த மயக்கமருந்து என்பதே ஹாலோத்தேனின் முன்னோடிச் சிறப்பு. ஸ்நோவின் பாடமும் இங்கே திரும்பி வந்தது. அறை வெப்பத்தில் ஹாலோத்தேன் ஆவி காற்றில் 30 விழுக்காட்டுக்கும் மேல் நிறையக் கூடியது. நோயாளிக்கு வேண்டியதோ 1 விழுக்காட்டை ஒட்டிய அளவு. ஆகவே வெப்பநிலை மாறினாலும் அளவு மாறாத துல்லியமான ஆவியாக்கிக் கருவி இல்லாமல் அதைப் பாதுகாப்பாகக் கொடுக்க இயலாது. அந்தக் கருவிகளோடு அது உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டு அறுவை அரங்குகளிலும் பல பத்தாண்டுகள் அதுவே அன்றாட மருந்தாக இருந்தது. அரிதாகச் சிலருக்குக் கடுமையான கல்லீரல் அழற்சியை அது உண்டாக்குவது 1960களில் தெரியவந்தது. அமெரிக்காவில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மயக்க நிகழ்வுகளை ஆராய்ந்த பெரிய ஆய்வு, உயிர்போகும் அளவிலான கல்லீரல் பாதிப்பு மிக அரிது என்று காட்டியது. ஆனாலும் ஐசோஃபுளுரேன், செவோஃபுளுரேன் ஆகிய புதிய மயக்கமருந்துகள் வந்த பின் செல்வ நாடுகளில் அது வழக்கொழிந்தது. அவ்விரண்டும் ஹாலோத்தேன் திறந்துவிட்ட ஃபுளோரின் வழியில் வந்தவைதான்.

பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் 2001 முதல் நடத்திவரும் வேதியியல் அடையாளத் திட்டம், வாழ்ந்த வீட்டை விட்டுவிட்டு, வேலை நடந்த இடத்துக்குப் பலகை வைக்கிறது. ஹாலோத்தேன் போன்ற மருந்துக்கு ஏற்ற வடிவம் அதுவே. அப்படி ஒரு பலகைக்கு வாசகம் எழுதச் சொன்னால், விட்னெஸ், மான்செஸ்டர் ஆகிய இரண்டு ஊர்களையும், 1951, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளையும், சக்ளிங், ராவெண்டோஸ், ஜான்ஸ்டன் ஆகிய மூன்று பெயர்களையும் சேர்த்தே எழுதுவேன். கண்டுபிடித்தார் என்று ஒருவரைப் பற்றி மட்டும் எழுத மாட்டேன். ஒருவர் தொகுத்தார், ஒருவர் சோதித்தார், ஒருவர் நோயாளிக்குக் கொடுத்தார் என்று பிரித்தே பொறிப்பேன். பலகையில் இடம் போதாவிட்டால், முதலில் விடவேண்டியது நிறுவனத்தின் பெயர். கடைசிவரை காக்கவேண்டியது, அந்த மருந்து தீப்பிடிக்காது என்ற செய்தி.